காட்டுப்பன்றி வேட்டைக்கு எந்தத் தோட்டா?

டெக்ஸஸில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் போய், காட்டுப்பன்றி வேட்டைக்கு ரைபிள் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தோட்டாவுக்கு?" என்பதுதான். அலமாரி நிறைய பெட்டிகள் இருக்கும்: .223, .243, 6.5 கிரீட்மோர், .30-30, .308, .300 பிளாக்அவுட், .45-70. ஒவ்வொன்றுக்கும் சத்தியம் செய்யும் ஆட்களும் இருப்பார்கள். நண்பரின் பண்ணைக்கு வேட்டைக்கு அழைப்பு வந்து, முதல்முறையாக இந்த அலமாரிக்கு முன்னால் நிற்பவர்களுக்காக இந்த விளக்கம்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பன்றியைத் துடிக்கவிடாமல் வீழ்த்துவதில் தோட்டாவின் பெயருக்கு மூன்றாம் இடம்தான். குண்டு உடலில் எங்கே படுகிறது என்பது முதலாவது. அந்தக் குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் துணை நிற்கிற, உங்கள் தோள் தாங்குகிற தோட்டாவே உங்களுக்கு ஏற்ற தோட்டா.

ஏன் இத்தனை வேட்டை?

பன்றி அமெரிக்க மண்ணின் விலங்கு கிடையாது. ஸ்பெயின் நாட்டு எர்னாண்டோ டி சோட்டோ 1539-இல் ஃபுளோரிடாவில் இறங்கியபோது, படைக்கு உணவாகப் பன்றிகளையும் கொண்டுவந்தார். அவற்றில் தப்பியவையும், பின்னாளில் குடியேறிகள் மேயவிட்டவையும் காட்டில் பெருகின. 1912-இல் வட கரோலினாவின் மலைப்பகுதி ஒன்றில் வேட்டைக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்த வாரிசுகளே இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் திரிபவை. மொத்தம் 60 லட்சத்துக்கு மேல் என்பது அமெரிக்க வேளாண் துறையின் மதிப்பீடு. டெக்ஸஸில் மட்டும் 20 லட்சத்தைத் தாண்டும்.

ஒரே இரவில் ஒரு மந்தை சோள வயலை உழுதுபோட்டுவிடும். விதைத்த வரிசையில் மூக்கை வைத்துக் கிளறிக்கொண்டே போய், முளைக்காத விதையைப் பொறுக்கித் தின்னும். பெண் பன்றி ஒரு வயது நிறைவதற்குள்ளேயே குட்டி போடத் தொடங்கிவிடலாம்; ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் சாதாரணம். ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்று டெக்ஸஸ் வேளாண் வல்லுநர்கள் கணக்குச் சொல்கிறார்கள். வேட்டையால் மட்டும் இதைச் சாதிக்க முடியாது. மந்தையை மொத்தமாக அடைக்கும் பெரிய பட்டிப் பொறிகளே முதன்மையான வழி. துப்பாக்கி அதற்குத் துணை.

பன்றியின் உடலைத் தெரிந்துகொள்ளுங்கள்

மான் வேட்டையில் பழகியவர்கள் பன்றியிடம் தவறுவது இங்கேதான். மானுக்குத் தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால், உடலின் நடு உயரத்தில் குறிவைப்பார்கள். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் மானைவிட முன்னாலும் தாழ்வாகவும் இருக்கின்றன. மானுக்கு வைக்கும் குறியைப் பன்றிக்கு வைத்தால் குண்டு பெரும்பாலும் குடலில் பாயும். குடலில் அடிபட்ட பன்றி புதருக்குள் ஓடி, பல மணி நேரம் வேதனைப்பட்டுச் சாகும். முதுகில் சிலிர்த்து நிற்கும் பிடரிமயிரும் உடலை இருப்பதைவிட உயரமாகக் காட்டி, குறியை இன்னும் மேலே இழுத்துவிடும்.

பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நேர்கோட்டில் மேலே வாருங்கள். உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்துங்கள். அதுதான் இதயமும் நுரையீரலும் சேரும் இடம். காதுக்குக் கீழே, சற்றுப் பின்னால் சுட்டால் நின்ற இடத்திலேயே விழும் என்பது உண்மை. ஆனால் அந்த இலக்கு மிகச் சிறியது. மேயும் பன்றியின் தலை ஒரு நொடிகூட நிலையாக இருக்காது. நீண்ட பழக்கம் உள்ளவர்கள், பக்கத்தில், துப்பாக்கியைத் தாங்கிமேல் வைத்துச் சுட வேண்டிய குறி அது.

அடுத்தது, முதிர்ந்த ஆண் பன்றியின் 'கவசம்'. தோலுரிக்கும்போது பார்த்தால் தெரியும். தோள்பட்டையிலிருந்து விலா எலும்பு வரை, தோலுக்கு அடியில் குருத்தெலும்பு போல விறைத்த ஒரு தடிமனான அடுக்கு இருக்கும். கத்தி அதில் வழுக்கும். அழுத்தி அறுக்க வேண்டியிருக்கும். ஆண்கள் ஒன்றையொன்று தந்தத்தால் குத்திச் சண்டையிடுவதைத் தாங்குவதற்கு இயற்கை வைத்த ஏற்பாடு இது. வயது ஏற ஏறத் தடிக்கும். ரைபிள் குண்டையே இது தடுத்துவிடும் என்று கதை சொல்வார்கள், அது நிஜமில்லை. வலுவான குண்டு தாராளமாக ஊடுருவும். ஆனால் மெல்லிய குண்டு இதில் பட்டு மேலேயே சிதறிவிடும். இந்தக் கவசமும் அடியிலுள்ள கொழுப்பும் குண்டு நுழைந்த துளையை மூடிக்கொள்வதால், இரத்தத் தடம் மானைப் போலத் தெளிவாகக் கிடைக்காது. குண்டு மறுபக்கம் வெளியே வந்து இரண்டாவது துளை போட்டால், தேடிக் கண்டுபிடிப்பது எளிது. ஆகவே பன்றிக்கு ஆழமாகப் போகும் குண்டு வேண்டும்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் பறந்துபோகும் குண்டு: நான்கும் சேர்ந்தது தோட்டா. குண்டின் எடையைக் கிரெயின் என்ற பழைய அளவில் குறிப்பிடுவார்கள். ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம், 150 கிரெயின் குண்டு 9.7 கிராம்.

குண்டின் ஆற்றல் பள்ளிக்கூட இயற்பியல்தான்: எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். .308 வின்செஸ்டரில் 150 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் ஏறக்குறைய 3600 ஜூல். .223 ரெமிங்டனில் 55 கிரெயின் குண்டு அதைவிட வேகமாக, நொடிக்கு 990 மீட்டர் அளவில் பறக்கிறது. எடை குறைவு என்பதால் ஆற்றல் 1700 ஜூல்தான்.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? ஜெர்மனியின் வேட்டைச் சட்டத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அங்கே காட்டுப்பன்றியைச் சுட, குண்டின் விட்டம் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 100 மீட்டர் தூரத்தில் 2000 ஜூல் ஆற்றலாவது மிஞ்சியிருக்க வேண்டும். டெக்ஸஸில் இப்படி ஒரு வரம்பு கிடையாது. ஆனாலும் புதியவருக்கு இது நல்ல வழிகாட்டி. அளவுகோலுக்கு மேலே இருக்கும் தோட்டா, குறி ஓரிரு அங்குலம் பிசகினாலும் கைகொடுக்கும். கீழே இருக்கும் தோட்டா உங்களிடமிருந்து கூடுதல் துல்லியத்தையும் நிதானத்தையும் கேட்கும்.

குண்டின் அமைப்பே பாதி வேலை

ஒரே தோட்டாவை நாலு வகைக் குண்டுகளோடு விற்பார்கள். பெட்டியை எடுக்கும்போது பெயரோடு நிறுத்தாமல் இதையும் படியுங்கள்.

முழுக்கச் செம்பு உறை போட்ட குண்டு: விலை மலிவு, இலக்குப் பயிற்சிக்கு உரியது. உடலில் விரியாமல் ஊசி போலத் துளைத்துப் போய்விடும். பன்றி காயத்தோடு ஓடும். பின்னால் நிற்கும் இன்னொன்றின் மீதும் பாயலாம். வேட்டைக்கு ஆகாது.

சிறு பிராணிகளுக்கான மெல்லுறைக் குண்டு: நரி போன்றவற்றுக்காகச் செய்தது. பட்டவுடன் பொடியாகும். பன்றியின் தோளில் மேலோட்டமான பெரிய காயம் உண்டாக்கும்; உள்ளே எட்டாது.

ஈய முனைக் குண்டு: முனை விரிந்து காளான் வடிவமாகி, அகலமான பாதை போட்டுக்கொண்டு போகும். நடுத்தரத் தோட்டாக்களில் பன்றிக்கு இதுவே தாராளம். இதில் ஈயத்தையும் உறையையும் ஒட்டிப் பிணைத்த வகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எலும்பில் பட்டாலும் உடையாமல் எடையைக் காப்பாற்றிக்கொள்ளும். நடுவில் தடுப்புச் சுவர் வைத்த நாஸ்லர் பார்ட்டிஷன் குண்டு 1948-இலிருந்து விற்பனையில் இருக்கிறது. முன்பாதி விரியும், பின்பாதி ஊடுருவும். இன்றைக்கும் நம்பிக்கையான தேர்வு.

முழுச் செம்புக் குண்டு: ஈயமே இல்லாதது. நான்கு இதழாக விரிந்து, எடை இழக்காமல் ஆழமாகப் போகும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டு விலங்கைச் சுடுவதற்கும் ஈயம் இல்லாத குண்டுதான் சட்டம். வேட்டைக்காரர் விட்டுப்போன குடலையும் இறைச்சியையும் தின்ற காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்ததே காரணம். நீங்கள் சுட்டதை வீட்டில் சமைக்கப்போகிறீர்கள் என்றால், குழந்தைகளுக்குப் பரிமாறும் இறைச்சியில் ஈயத்துகள் இல்லாமல் இருக்கவும் இதுவே நல்லது.

ஒவ்வொரு தோட்டாவாகப் பார்க்கலாம்

.223 ரெமிங்டன்: அமெரிக்காவில் அதிகம் விற்கும் ஏஆர்-15 ரைபிளின் வழக்கமான தோட்டா. உதை மிகக் குறைவு, விலையும் குறைவு. இந்தத் தோட்டாவால் ஆயிரக்கணக்கான பன்றிகள் விழுந்திருக்கின்றன. அதைவிட முக்கியமாக, காயத்தோடு தப்பியவையும் உண்டு. 60 கிரெயினுக்கு மேற்பட்ட பிணைப்புக் குண்டோ செம்புக் குண்டோ போட்டு, 100 மீட்டருக்குள், பக்கவாட்டில் நிற்கும் பன்றியை மட்டும் சுடுவதென்றால் சரி. முதல் ரைபிளாகப் பன்றிக்கென்றே வாங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

.300 பிளாக்அவுட், 7.62×39: இரண்டும் சிறிய ரைபிள்களில் ஓடும் மிதமான தோட்டாக்கள். ஆற்றல் 1800 முதல் 2000 ஜூல் வரை. புதர்க்காட்டில் 100 மீட்டருக்குள் நன்றாக வேலை செய்யும். பிளாக்அவுட்டில் ஒலியைவிட மெதுவாகப் போகும் 220 கிரெயின் குண்டும் உண்டு. சைலன்சரோடு சேர்த்தால் சத்தம் மிகக் குறைவு. ஆனால் ஆற்றல் 700 ஜூலைக்கூட எட்டாது. அந்தக் குறைந்த வேகத்தில் விரிவதற்கென்றே செய்த குண்டு இல்லாவிட்டால், அதைப் பன்றிமேல் சுடாதீர்கள்.

.243 வின்செஸ்டர்: 1955-இல் வந்தது. 100 கிரெயின் குண்டு, சுமார் 2600 ஜூல், மென்மையான உதை. இளையவர்களுக்கும் உடல்வாகு சிறியவர்களுக்கும் நல்ல தோட்டா. கனமான, உடையாத குண்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய ஆண் பன்றியின் தோள் எலும்பைத் தவிர்த்துக் குறிவைக்க வேண்டும்.

.30-30 வின்செஸ்டர்: 1895-இலிருந்து அமெரிக்கப் பண்ணைவீடுகளில் இருக்கும் தோட்டா. 170 கிரெயின் குண்டு, 2400 ஜூலுக்கு மேல். ஜெர்மன் அளவுகோலை 100 மீட்டரில் இது எட்டாது. ஆனாலும் கனமான தட்டைமுனைக் குண்டு பக்கத்தூரத்தில் பன்றியை நன்றாக வீழ்த்தும். முனை தட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இதைச் சுடும் நெம்புகோல் ரைபிள்களில் தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. கூரான உலோக முனை முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரை அழுத்தி வெடிக்கவைத்துவிடலாம். ஆகவே இந்த ரைபிளுக்குத் தட்டைமுனைக் குண்டோ, அதற்கென்றே மென்மையான முனை வைத்த குண்டோ மட்டும்தான்.

6.5 கிரீட்மோர்: ஹார்னடி நிறுவனம் 2007-இல் கொண்டுவந்தது. 140 கிரெயின் குண்டு, சுமார் 3000 ஜூல். நீளமான குண்டு என்பதால் ஆழமாக ஊடுருவும். காற்றில் வேகம் அவ்வளவாகக் குறையாது. உதை .308-ஐவிடக் குறைவு. திறந்த வயலின் ஓரத்திலிருந்து 200 மீட்டர் தாண்டிச் சுட வேண்டியிருந்தால் மிகப் பொருத்தம்.

.308 வின்செஸ்டர்: 1952 முதல் சந்தையில். 150 அல்லது 165 கிரெயின் குண்டு. எந்தக் கோணத்திலும் எந்த அளவுப் பன்றிக்கும் போதும். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ரைபிள் வகைகளும் அதிகம். 1906-இல் பிறந்த .30-06-உம் 1925-இன் .270-உம் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும். வீட்டில் அவற்றில் ஒன்று இருந்தால் புதிதாக வாங்கத் தேவையே இல்லை.

.45-70, .450 புஷ்மாஸ்டர்: பெரிய, கனமான, மெதுவான குண்டுகள். அடர்ந்த புதரில் நெருக்கமாக நின்று சுடுபவர்கள் விரும்புவார்கள். உதை அதிகம், 150 மீட்டருக்கு அப்பால் குண்டு வேகமாகக் கீழிறங்கும். பழகியவர்களுக்கே உரியவை.

இவற்றைவிட அதிக ஆற்றல் தரும் மேக்னம் வகைகள் பன்றிக்குத் தேவையில்லை. அவற்றின் உதை புதியவருக்குக் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும். விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் பின்வாங்கும், குறி பிசகும். 3000 ஜூலைச் சரியான இடத்தில் வைப்பவர், 5000 ஜூலைக் குடலில் வைப்பவரைவிட நல்ல வேட்டைக்காரர்.

பெட்டியைத் திறக்கும் முன் ஓர் எச்சரிக்கை

.300 பிளாக்அவுட், .223-இன் கூட்டை வெட்டி, வாயை அகலமாக்கி உருவான தோட்டா. இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்று, மேகசின் ஒன்று, ரைபிளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிளாக்அவுட் தோட்டா சில சமயம் .223 ரைபிளின் அறைக்குள் முழுதாக உட்கார்ந்துவிடும். விசையை இழுத்தால் 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் குழலுக்குள் நுழையப் பார்க்கும். அழுத்தம் எகிறி ரைபிள் முகத்துக்கு நேராக வெடித்துச் சிதறும். இப்படி நடந்த விபத்துகள் பல. இரண்டையும் வைத்திருப்பவர்கள் வேட்டைக்கு ஒன்றை மட்டும் எடுத்துப்போக வேண்டும். மேகசின்களுக்கு வெவ்வேறு நிறப் பட்டை ஒட்டிவைக்க வேண்டும்.

எங்கே, எப்போது சுடப்போகிறீர்கள்?

தொந்தரவு கூடக் கூடப் பன்றிகள் இரவு நடமாட்டத்துக்கு மாறிவிடும். டெக்ஸஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு இரவிலும் பன்றி வேட்டை ஆடலாம். இருட்டில் பயன்படும் தெர்மல் ஸ்கோப்பில் தெரிவது வெப்பத்தின் உருவம் மட்டும். பன்றியா, கன்றுக்குட்டியா, நாயா, மனிதரா என்று ஐயமறத் தெரியும்வரை விசைமேல் விரல் போகக் கூடாது. பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தவறிய ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும்.

தீவனம் வைத்த இடத்தில் காத்திருந்து சுடுவதென்றால் தூரம் பெரும்பாலும் 100 மீட்டருக்குள். மேலே சொன்னவற்றில் எதுவும் சரிவரும். மந்தை ஓடும்போது இரண்டாவது, மூன்றாவது குண்டு வேண்டும் என்பவர்கள் உதை குறைந்ததை எடுக்கட்டும். எதுவானாலும், வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே பெட்டித் தோட்டாவால் 100 மீட்டரில் ஸ்கோப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். குண்டு மாறினால் படும் இடமும் மாறும்.

சுட்டபின் அரை மணி நேரம் காத்திருந்து தேடுங்கள். பன்றியை அறுக்கும்போது கையுறை கட்டாயம்; புருசெல்லோசிஸ் கிருமி இரத்தத்தின் வழியே மனிதருக்குத் தொற்றும். இறைச்சியின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகவையுங்கள்.

சட்டம் தெரிந்துகொண்டு துப்பாக்கியைத் தொடுங்கள்

2019-இலிருந்து டெக்ஸஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க மத்திய சட்டப்படி, தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். அதிலுள்ள விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் கையில் இருப்பது. நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்கினாலும் இதே சட்டம்தான். ஆகவே மாநிலம் கேட்காவிட்டாலும் உரிமம் எடுங்கள். குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒருமுறை கேளுங்கள். மற்ற மாநிலங்களின் விதி வேறு. மிசௌரி தன் வனவளத் துறை நிலங்களில் பன்றி வேட்டையையே தடைசெய்திருக்கிறது. வேட்டையில் மந்தை சிதறினால் பொறிவைத்துப் பிடிக்க முடியாமல் போகிறது என்பதே காரணம்.

இந்தியாவில் காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. பயிரை அழித்தாலும் தனிநபர் தன் விருப்பத்துக்குச் சுட முடியாது. அரசின் அனுமதியும் வழிமுறையும் உண்டு. இந்தக் கட்டுரையில் சொன்னது எதுவும் அங்கே பொருந்தாது.

என் தீர்ப்பு

ஒரே ஒரு ரைபிள் வாங்குவதென்றால் .308 வின்செஸ்டர், 150 அல்லது 165 கிரெயின் பிணைப்புக் குண்டு. உதை குறைவாக வேண்டும் என்றாலோ தூரம் அதிகம் என்றாலோ 6.5 கிரீட்மோர். புதர்க்காடும் பக்கத்தூரமும் மட்டும் என்றால் .30-30. வீட்டில் ஏற்கெனவே .223 இருந்தால், நல்ல குண்டு வாங்கி, தூரத்தைக் குறைத்து, குறி அமையாதபோது சுடாமல் விடும் பொறுமையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதமாகும் பணத்தைப் பயிற்சித் தோட்டாக்களில் போடுங்கள். பன்றி பயிருக்குக் கேடு செய்யும் விலங்குதான். அதற்காக அது துடித்துச் சாக வேண்டியதில்லை. ஒரே குண்டில் முடிக்கும் அளவுக்குப் பழகிய பிறகு வேட்டைக்குக் கிளம்புங்கள்.